பூட்டிய பள்ளிக்கூடம் வீடு தேடி வந்த கதை

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பூந்தமல்லி வரும். அதைத் தாண்டினால் திருமழிசை. அதற்கு அடுத்தாற்போல் இருக்கிறது குத்தம்பாக்கம். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். சற்றுத் தூரத்தில் கடல்போல் விரிந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. சென்னையின் வெளியூர்ப் பஸ் நிலையம் ஒன்றுக்கு இடம் தேடியபோது இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு லீவு என்பது புதிதல்ல. மழை வலுத்தால் லீவு. ஏரியைத் திறந்தால் லீவு. புயல் வந்தால் லீவு. நாலு நாள் ஆனதும் தண்ணீர் வடியும். பள்ளிக்கூட மணி மறுபடியும் அடிக்கும். எல்லோரும் உட்கார்ந்து விட்ட பாடத்தைப் படிப்பார்கள்.

2020-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி விட்ட லீவு அப்படிப்பட்டதல்ல. மழை இல்லை, வெள்ளமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி உலகத்தையே வீட்டுக்குள் அடைத்துவிட்டது. "மார்ச் 31 வரை விடுமுறை" என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அந்தப் பதினைந்து நாள் லீவு ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீளப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலைமைதான் பரிதாபம். அவர்களுக்கு மார்ச் 27-ந் தேதி அரசாங்கப் பரீட்சை தொடங்குவதாக இருந்தது. அது ஜூன் 1-க்குத் தள்ளிப்போயிற்று. பிறகு ஜூன் 15-க்குப் போயிற்று. ஜூன் 9-ந் தேதி, "பரீட்சையே கிடையாது, அனைவரும் பாஸ்" என்று அரசாங்கம் அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுப் பரீட்சை மார்க்குகளுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மார்க் போட்டார்கள். மாநிலம் முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகள் இப்படித் தேறினார்கள்.

அதற்குள் திருமழிசையே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவியதால் மே மாதம் 5-ந் தேதி அதை மூடினார்கள். சில நாட்களில் திருமழிசையில் தற்காலிகக் காய்கறி மார்க்கெட் முளைத்தது. இரவெல்லாம் லாரிகள், வெங்காய மூட்டைகள், கூலியாட்கள், சேறு. மூட்டை தூக்கும் கைக்கு அன்றைக்கே காசு கிடைக்கும் இடம் அது. பதினைந்து வயதுப் பையன் வீட்டில் சும்மா இருக்கும்போது, அப்பாவுக்கும் வேலை போயிருக்கும்போது, இப்படிப்பட்ட இடங்களில் கிடைக்கும் காசு எந்த வீட்டையும் யோசிக்க வைக்கும்.

உயர்நிலைப் பள்ளியின் சங்கடமே இங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை யாரும் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். கல்லூரி மாணவனிடம் சொந்தமாகச் செல்போன் இருக்கும். நடுவில் நிற்பவர்கள் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். வேலைக்குப் போகவும் வயது வந்துவிட்டதாக வீட்டார் நினைப்பார்கள். பெண்ணாக இருந்தால், 'வரன் பார்க்கலாமே' என்று சொல்ல ஓர் உறவினர் எங்கிருந்தாவது வந்துவிடுவார். கதவு பூட்டிய பள்ளிக்கூடம் இந்தப் பிள்ளைகளை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது?

டெலிவிஷனில் வந்த வாத்தியார்

அரசாங்கத்தின் கையில் ஒரு சாதனம் தயாராக இருந்தது. 2019 ஆகஸ்டு 26-ந் தேதி தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் அது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் எட்டாவது மாடியில் அதற்கு ஒளிப்பதிவுக் கூடம் அமைத்திருந்தார்கள். அரசு கேபிளில் 200-ம் எண்ணைத் திருப்பினால் வாத்தியார் தெரிவார்.

தொடங்கியபோது இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கொரோனா வந்ததும் 200-ம் எண் பள்ளிக்கூட மணியாகிவிட்டது. இன்ன வகுப்புக்கு இன்ன நேரம், இன்ன பாடம் என்று அட்டவணை வந்தது. சர்க்கார் பள்ளி உபாத்தியாயர்களே காமிராவின் முன் நின்று கணக்கும் அறிவியலும் நடத்தினார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. 2006-ம் ஆண்டு முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொடுத்தபோது, "சினிமா பார்க்கவா சர்க்கார் பணம்?" என்று கேலி பேசியவர்கள் உண்டு. சினிமா பார்த்த பெட்டியிலேயே முக்கோணவியலும் வந்தது.

மேல்நிலை வகுப்புகளுக்கு இன்னொரு துணையும் இருந்தது. அதுதான் இலவச மடிக்கணினி. அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பரில் தொடங்கி வைத்ததே இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2020 ஜூலையில், பிளஸ் டூ மாணவர்களின் மடிக்கணினிகளில் பாட வீடியோக்களைப் பதிவு செய்து கொடுக்க ஏற்பாடு நடந்தது. வீட்டில் இண்டர்நெட் இல்லாவிட்டாலும் பாடம் ஓடும். சிக்கனமான, கெட்டிக்கார யோசனை!

ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு மடிக்கணினி கிடையாது. அவனுக்கு டெலிவிஷன் மட்டும்தான்.

டெலிவிஷனுக்கு வாய் உண்டு, காது இல்லை. "புரிந்ததா?" என்று அது கேட்கும். "புரியவில்லை, சார்" என்று பிள்ளை சொன்னால் அதற்குக் கேட்காது. வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன் விழிப்பதைப் பார்த்ததும் வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பெட்டிக்குள் இருக்கும் வாத்தியார் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அரை மணி முடிந்ததும் வேறு வகுப்பு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது பெட்டிக்குத் தெரியாது. வருகைப் பதிவேடு இல்லாத பள்ளிக்கூடம் அது.

செல்போன் யாருடையது?

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது செல்போன். வகுப்பு ஆசிரியர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குவார். பாடக்குறிப்பு, வீட்டுப்பாடம், சிறு வீடியோ எல்லாம் அதில் வரும். பிள்ளைகள் விடையை நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். வாத்தியார் திருத்துவார். 2021-ல் பிளஸ் டூவுக்கு அலகுத் தேர்வுகூட வாட்ஸ்அப்பிலேயே நடந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செல்போன் யாருடையது?

பெரும்பாலான வீடுகளில் அது அப்பாவின் போன். இருங்காட்டுக்கோட்டையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை செய்கிறவர் காலையில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வகுப்பு காலை பத்து மணிக்கு. போன் வீடு திரும்புவது இரவு எட்டு மணிக்கு. பிறகு, ஒரே போனுக்கு அண்ணன், தங்கை, தம்பி என்று மூன்று பேர் காத்திருப்பார்கள். வரிசையில் பெண்பிள்ளையின் முறை கடைசியில்தான் வரும். சொல்ல வேண்டுமா?

2021-ம் ஆண்டின் 'அசர்' கல்வி அறிக்கை நாடு முழுவதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறது. 2018-ல் நூற்றுக்கு 36 மாணவர் வீடுகளில் இருந்த ஸ்மார்ட்போன், 2021-ல் 67 வீடுகளுக்கு மேல் வந்துவிட்டது. மூன்றே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு! கடன் வாங்கியும் நகையை வைத்தும் வாங்கிய போன்கள் அதில் எத்தனையோ! ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. போன் இருக்கும் வீடுகளிலேயே நாலில் ஒரு பிள்ளைக்கு மேல் அதைத் தொடக் கிடைக்கவில்லை.

போன் கிடைத்தாலும் ரீசார்ஜ் வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. டேட்டாவைத் தமிழக அரசு இலவசமாகத் தந்தது. நல்ல காரியம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. இது பாரபட்சம் என்று பெற்றோர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் இருந்தது. பணம் கட்டிப் படிக்கும் சில பள்ளிகளில் காலை முதல் மாலை வரை திரையின் முன் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். கண் எரிச்சல், தலைவலி என்று புகார்கள் வந்தன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தினம் நாலு பாடவேளைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம்தான் என்று மத்திய அரசு 2020 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தமிழகத்தில் அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் 25 வரை ஆன்லைன் வகுப்புகளுக்கே லீவு விட்டார்கள். லீவில் நடந்த வகுப்புக்கு ஒரு லீவு!

சிகாகோவில் ரேடியோ பாடம்

உலகத்தில் இது முதல் தடவை நடந்த சங்கதி அல்ல. 1937-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. செப்டம்பரில் பள்ளிகளைத் திறக்க முடியவில்லை. அப்போது டெலிவிஷன் ஏது? நகரத்து ரேடியோ நிலையங்கள் ஆறு சேர்ந்து கைகொடுத்தன. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கால் மணி நேரப் பாடங்கள் ஒலிபரப்பாயின. அன்றைய பாடம் என்ன, கேள்விகள் என்ன என்பதைக் காலைப் பத்திரிகைகள் அச்சிட்டு வெளியிட்டன. (பத்திரிகைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள இடம் உண்டு.)

அங்கேயும் என்ன நடந்தது தெரியுமா? ரேடியோ இல்லாத வீட்டுப் பிள்ளைகள் விடுபட்டார்கள். "வாத்தியார் வேகமாகப் போகிறார்" என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். ஆனால் சிகாகோ நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. சந்தேகம் கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல 16 உபாத்தியாயர்களை டெலிபோனில் உட்கார வைத்தது. முதல் நாளே ஆயிரம் அழைப்புகளுக்கு மேல் வந்து குவிந்தன. பதினாறு பேர் போதாமல் மேலும் ஐந்து பேரைச் சேர்த்தார்கள்.

ரேடியோவைவிட அந்த இருபத்தொரு பேர்தான் கவனிக்கத் தக்கவர்கள். பாடம் ஒரு பக்கமாகப் போவதோடு நிற்கவில்லை. திரும்பி வரவும் ஒரு வழி இருந்தது.

நடந்து போனவர்கள்

தமிழ்நாட்டில் அந்தத் திரும்பும் வழியைப் பல ஊர்களில் வாத்தியார்களின் கால்களே போட்டன. பிள்ளைகள் வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று புறப்பட்டார்கள். மரத்தடியில், கோயில் மண்டபத்தில், வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பிள்ளைகளை எட்ட எட்ட உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் சொந்தப் பணத்தில் போன் வாங்கிக் கொடுத்தார்கள். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

பள்ளிக்கூடமே பிள்ளைகளைப் பார்க்கச் சில சந்தர்ப்பங்கள் தானாக அமைந்தன. இலவசப் பாடப்புத்தகம் வாங்க வந்தார்கள். சத்துணவு சமைக்க முடியாததால் அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் வாங்க வந்தார்கள். அரிசி அளக்கும் நேரத்தில், "என்னம்மா, பாடம் பார்க்கிறாயா?" என்று ஒரு டீச்சர் கேட்டால் அதுவே அந்த மாதத்தின் வகுப்பு. "அப்பா போனை எடுத்துக்கிட்டுப் போயிடறாரு, டீச்சர்" என்று பதில் வந்தால், அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனையோ அறிக்கைகளில் இல்லாத செய்தி இருக்கும்.

2021 ஜனவரி 19-ந் தேதி பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கதவு திறந்தது. பிப்ரவரி 8-ந் தேதி ஒன்பதுக்கும் பிளஸ் ஒன்னுக்கும் திறந்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிப்ரவரி 25-ந் தேதியே ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு 'ஆல் பாஸ்' அறிவிப்பு வந்தது. மார்ச்சில் மறுபடியும் கதவு மூடியது. ஜூன் 5-ந் தேதி பிளஸ் டூ பரீட்சையும் ரத்தாயிற்று. அதன் பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 செப்டம்பர் 1-ந் தேதிதான்.

விட்ட பாடத்தை ஈடுகட்ட 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 2021 அக்டோபர் 27-ந் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருவிலேயே பாடம் சொன்னார்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அருமையான திட்டம். ஆனால் அதுவும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒன்பதும் பத்தும் மறுபடியும் நடுவில்!

வெள்ளத்தில் வாட்ஸ்அப் ஏது?

கொரோனாவில் கற்ற வித்தை எல்லா ஆபத்துக்கும் உதவுமா? குத்தம்பாக்கத்துக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஏரிக்கரை மனிதர்களுக்கு வெள்ளம் தெரியும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் கரையெல்லாம் மூழ்கியது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பள்ளிகள் நவம்பரிலிருந்தே விட்டுவிட்டு மூடிக் கிடந்து, டிசம்பர் 14-ந் தேதிதான் திறந்தன. அரையாண்டுப் பரீட்சை ஜனவரிக்குப் போயிற்று. புத்தகம் போயிற்று. யூனிபாரம் போயிற்று. மார்க் ஷீட்டும் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு வாரம் பள்ளிகள் இல்லை.

வெள்ளம் வந்தால் முதலில் போவது மின்சாரம். அடுத்தது செல்போன் கோபுரம். 200-ம் எண்ணும் இருட்டு, வாட்ஸ்அப்பும் ஊமை. அப்போது மிஞ்சுவது நனையாமல் பரண்மேல் வைத்த புத்தகம் ஒன்றுதான்.

அடுத்த வீட்டு இலங்கையில் இன்னொரு விதமான சோதனை. 2022 ஜூனில் பெட்ரோலும் டீசலும் இல்லாமல் கொழும்புப் பகுதிப் பள்ளிகளை மூடி, ஆன்லைன் வகுப்புக்குப் போனார்கள். அதே நேரத்தில் மின்வெட்டும் இருந்தது! வண்டி ஓடாததால் வீட்டில் படி என்றால், வீட்டில் கரண்டு இல்லை.

ஆகவே உபகரணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு எதுவும் பாதி வழியில் நின்றுவிடும். உயர்நிலைப் பள்ளிக்கு வேண்டியது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். வகுப்புக்கு ஒன்று. எந்தப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது? வீட்டில் போன் யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும்? போன் இல்லாத பிள்ளையின் வீட்டுப் பக்கத்தில் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளை யார்? மழைக்காலத்தில் எந்தத் தெரு துண்டிக்கப்படும்? பள்ளிக்கூடம் திறந்திருக்கும்போதே, ஜூன் மாதத்திலேயே இதை எழுதி வைத்துவிட்டால், அக்டோபரில் மழை கொட்டும்போது வாத்தியார் தேடி அலைய வேண்டாம்.

குத்தம்பாக்கத்துக்கு இது கஷ்டமான காரியமும் அல்ல. ரெங்கசாமி இளங்கோ 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரான பிறகு, தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் நடுச்சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகளைக் கட்டிப் பெயர் பெற்ற ஊர் அது. சுவரைப் பங்கிட்டுக்கொண்டவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒரு செல்போனைப் பங்கிட்டுக்கொள்ளவா தெரியாது?

காலியாகக் கிடந்த பெஞ்சு

பட்டியல் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்பது 2023 மார்ச் 13-ந் தேதி தெரிந்தது.

அன்று பிளஸ் டூ அரசாங்கப் பரீட்சை தொடங்கிய நாள். முதல் பரீட்சை தமிழ். யாரும் பயப்படும் பாடம் அல்ல. ஆனால் மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பரீட்சைக்கே வரவில்லை! ஹாலில் மேஜை இருந்தது, நம்பர் ஒட்டியிருந்தது. ஆளைக் காணோம்.

யார் இவர்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 2021-ல் பத்தாம் வகுப்பில் 'ஆல் பாஸ்' ஆன பிள்ளைகள்தான் அந்த ஆண்டு பிளஸ் டூ. பரீட்சை எழுதாமலே தேறி, பிளஸ் ஒன்னில் பெயர் பதிந்தவர்களில் பலர் வகுப்புக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. காகிதத்தில் மாணவர்கள், நிஜத்தில் எங்கோ ஒரு கடையிலோ கம்பெனியிலோ வேலை செய்கிறவர்கள். சிலர் கல்யாணமாகிப் போய்விட்ட பெண்கள். பூட்டிய பள்ளிக்கூடத்தின் கதவு வழியாக அவர்கள் சத்தமில்லாமல் நழுவிப்போனதை இரண்டு வருஷம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் அது பெரிய பேச்சாயிற்று. வராதவர்களின் பெயர்ப் பட்டியல் பள்ளிவாரியாகத் தயாராயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, ஜூனில் நடக்கும் துணைத்தேர்வையாவது எழுத வைக்கும்படி சொன்னார்கள். வாத்தியார்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருத்தெருவாகப் புறப்பட்டார்கள். சில வீடுகளில் பிள்ளை இருந்தது. சில வீடுகளில், "அவன் வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, சார்" என்றார்கள். சில வீடுகள் பூட்டிக் கிடந்தன.